ஸ்பிரிங்ஃபீல்டில் யாரும் பூனையைத் தின்னவில்லை

"அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைத்தி அகதிகள் அக்கம்பக்கத்தார் வளர்க்கும் நாய், பூனைகளைப் பிடித்துத் தின்கிறார்கள்" என்ற செய்தி இன்னமும் பகிரப்படுகிறது. இது பொய்.

2024 செப்டம்பர் 10 அன்று டிரம்ப் அதிபர் தேர்தல் விவாத மேடையில் சொன்னதும் இது உலகெங்கும் பரவியது. அப்படி நடந்ததற்கு நம்பத்தகுந்த புகாரே இல்லை என்று நகர நிர்வாகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு இருக்கும் ஒஹையோ மாநிலத்தின் ஆளுநர், டிரம்ப் கட்சியைச் சேர்ந்த மைக் டிவைனும் மறுத்தார். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர்.

கூடவே பகிரப்பட்ட, பூனையைத் தின்றதாக ஒரு பெண்ணைக் கைது செய்யும் வீடியோ கேண்டன் என்ற வேறு ஊரில் எடுத்தது. அந்தப் பெண் ஹைத்தியரே அல்ல. சரி, இந்த வதந்தியைக் கிளப்பிய முதல் முகநூல் பதிவு? பக்கத்து வீட்டுக்காரர் யாரோ சொன்னதாகக் கேட்டு எழுதியது. எழுதியவரே பிறகு வருந்தினார்.

இந்த வதந்தியால் அந்த ஊருக்கு 30க்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. எல்லாமே வெற்று மிரட்டல்கள். ஆனாலும் பள்ளிகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது. குழந்தைகள் பயந்தது பொய்யில்லையே! அங்குள்ள ஹைத்தியரில் பெரும்பாலோர் அப்போது சட்டப்படி தங்கி, கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துக்கொண்டிருந்தவர்கள்.

எனக்கு மறக்க முடியாதது ஒன்று. தன் பூனையைக் காணோம் என்று ஹைத்தியர்மேல் சந்தேகப்பட்டுப் போலீசுக்குப் போன ஒரு பெண்மணி, சில நாளில் அதைத் தன் வீட்டின் நிலவறையிலேயே கண்டார். அப்புறம் மகளையும் கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஹைத்தியரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார்.