முட்டை நிறத்தில் தாயின் நாடி பார்க்கலாமா?

"முட்டையின் நீலம் கடுமையாக இருந்தால் தாய்ப்பறவை நல்ல சுகம், வெளிறியிருந்தால் நோயாளி." இந்த ஒற்றை வரியை வடிவான படம் ஒன்றோடு சேர்த்துப் பகிர்கிறவர்கள் அதிகம். முழுப் பொய் என்று தள்ள முடியாது. அப்படியே விழுங்கவும் முடியாது. இதை நம்பி மைனாப் பொந்துக்குள் கைபேசியை விட்டுப் படம் எடுக்க வெளிக்கிடுகிறவர்களும் இருப்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பறவை முட்டைகளில் நாம் காணும் நிறங்களில் பெரும்பாலானவற்றைத் தருவது இரண்டே நிறமிகள். நீலத்துக்கும் பச்சைக்கும் பிலிவெர்டின். மண்ணிறத்துக்கும் செம்மண் புள்ளிகளுக்கும் புரோட்டோபோர்பிரின். இரண்டும் இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற ஹீம் என்ற பொருளின் உறவுக்காரர். ஹீம் உடைந்தால் வருவது பிலிவெர்டின். அடிபட்ட இடம் கன்றி, இரண்டு மூன்று நாளில் பச்சை பாய்கிறதே, அது இதே சரக்குத்தான். ஹீமாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் நிற்பது புரோட்டோபோர்பிரின். இரும்பு அதில் இன்னும் ஏறியிருக்காது.

ஆனால் குணத்தில் இரண்டும் எதிரும் புதிரும். பிலிவெர்டின் உடலில் ஒட்சியேற்றச் சேதத்தை, அதாவது ஒட்சிசன் வினைகளால் கலங்கள் பழுதாவதை, தடுக்கிற பொருள். புரோட்டோபோர்பிரின் வெளிச்சம் பட்டால் அந்தச் சேதத்தையே தூண்டக்கூடியது. அதனால்தான் 2003இல் மொரேனோ, ஒசோர்னோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை வைத்தார்கள். தன் உடம்புக்கே தேவையான பிலிவெர்டினை ஓட்டில் தாராளமாகப் பூசுகிற பேடு, "என்னிடம் மிச்சம் இருக்கிறது" என்று சேவலுக்குக் காட்டுகிறதாம். அதைப் பார்த்த சேவல் குஞ்சுகளுக்குக் கூடுதலாக இரை கொண்டுவருமாம். ஸ்பெயினில் ஈப்பிடிப்பான் இனம் ஒன்றின் பேடுகளுக்கு மேலதிக உணவு கொடுத்தபோது முட்டை நீலம் கூடியது, 2006. அமெரிக்காவின் நீலப்பறவையிலும் வயதில் மூத்த, உடல்நிலை நல்ல பேடுகளின் முட்டையில் நிறம் கூடுதல். பகிரப்படும் அந்த வரியின் வேர் இதுதான்.

பகிர்கிறவர்கள் சொல்லாமல் விடுவது மற்றப் பக்கம். 2007இல் செக் நாட்டில் அதே குடும்பத்தின் இன்னொரு ஈப்பிடிப்பானில் முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நீலம் கூடிய முட்டைக்காகச் சேவல் கூடுதலாக உழைத்ததாகத் தெரியவில்லை. அடுத்தடுத்த உறவுக்காரப் பறவைகளிலேயே விடை இப்படி மாறும்போது, அதைத் தூக்கிக்கொண்டு வந்து இலங்கையின் வன்னிப் புலுனிக்கு, அதாவது தவிட்டுக்குருவிக்கு, பொருத்துவது எந்த நியாயம்?

புலுனியையே எடுங்கள். முட்டை இரண்டு முதல் நான்கு, புள்ளியே இல்லாத கடும் நீலப்பச்சை. சேவலுக்குக் காட்டத்தான் இந்த நீலம் என்றால், கூட்டமாக வாழ்ந்து கூட்டமாகவே குஞ்சுக்கு இரை கொடுக்கிற இந்தப் பறவையில் யார் யாருக்குக் காட்டுகிறார்? போதாக்குறைக்கு, சுடலைக்குயில் அதே நீலத்தில் ஒரு முட்டையைப் புலுனிக் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும். கூட்டில் தெரிகிற மிக வடிவான நீலம் அந்தத் தாயினுடையதே இல்லாமலும் இருக்கலாம்.

புள்ளிகளின் கதை எனக்கு இதைவிடச் சுவையானது. ஒக்ஸ்போர்ட் அருகே வைதம் காட்டில் பட்டாணிக்குருவி முட்டைகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். புள்ளி விழுந்த இடத்தில் ஓடு மெல்லியது. சுண்ணாம்பு குறைந்த மண்ணில் கூடு வைத்தவற்றில் புள்ளி கூடுதல். சீமெந்து காணாத சுவரில் பூச்சை அப்பிச் சமாளிப்பது போல, ஓடு மெலிந்த இடத்தை நிறமி தாங்கிப் பிடிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அந்தப் பறவையில் புள்ளி சொல்வது சுண்ணாம்புப் பஞ்சத்தை.

சின்னப் பறவை சுண்ணாம்பைச் சேமித்து வைப்பதில்லை. முட்டையிடும் நாட்களிலேயே நத்தை ஓடு, எலும்புத் துணுக்கு என்று பொறுக்க வேண்டும். நெதர்லாந்தில் அமில மழையால் காட்டு மண்ணில் நத்தை அருகியபோது ஓடு மெலிந்த முட்டைகள் வந்ததை 1994இல் பதிவு செய்தார்கள். யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. வன்னியின் உட்பகுதி பெரும்பாலும் பழைய உருமாறிய கடும்பாறை, சுண்ணக்கல் அல்ல. புவியியலாளர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே வன்னி இருக்கிறது. குளக்கட்டு ஓரத்திலும் வரம்பிலும் கிடக்கிற ஊரியும் நத்தையும் இங்கே குருவிகளின் சுண்ணாம்புக் கடை. முட்டை நிறத்துக்காகக் கவலைப்படுகிறவர் முதலில் அந்தக் கடையைப் பார்க்கட்டும்.

நிறமியே இல்லாமல் நிறம் ஏமாற்றுவதும் உண்டு. முக்குளிப்பான் முட்டை இடும்போது வெள்ளை. ஈரப்பாசியால் மூடி மூடி அடைகாப்பதில் சில நாட்களிலேயே மண்ணிறமாகிவிடும். செண்பகத்தின் வெள்ளை முட்டையும் அடைகாக்க அடைகாக்கக் கறை பிடிக்கும். கொண்டலாத்தி இன்னும் விசேஷம். இட்ட புதிதில் சாம்பல் கலந்த நீலம், பிறகு அழுக்கு மண்ணிறம். பேடு தன் வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து முட்டையில் பூசுகிறது. அதில் வாழும் நல்ல பக்டீரியாக்கள் கெட்ட கிருமிகளை அடக்குகின்றன. எண்ணெய் தங்குவதற்கென்றே ஓட்டில் நுண்குழிகள். நம் கண்ணுக்கு ஊத்தை முட்டை. அங்கே அதுதான் தாய் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு அடையாளம்.

பொந்துக்குள் இடுகிற மீன்கொத்தி, கிளி, ஆந்தை முட்டைகள் வெள்ளை. அவை ஒன்றும் நோயாளிகள் அல்ல, நிறம் பூசத் தேவையில்லை, அவ்வளவுதான். மைனா மட்டும் போர்க்காலச் செல்லடியில் தலையிழந்த பனையின் இருட்டுப் பொந்துக்குள்ளும் நீல முட்டை இடும்.

நிறத்தை வைத்து உடல்நிலை பார்க்கத்தான் வேண்டுமென்றால் வீட்டுக் கோழியில் தொடங்குங்கள். மண்ணிற முட்டையின் ஓட்டுத் துண்டொன்றை வினாகிரியில் போடுங்கள். நிறம் நுரையோடு கழன்று வர, கீழே ஓடு வெள்ளை. அந்த நிறம் பெரும்பாலும் ஓட்டின் வெளிப்பக்கத்தில்தான். ஓடு கட்டச் சுமார் 20 மணித்தியாலம், நிறம் ஏறுவது கடைசிச் சில மணித்தியாலங்களில். அந்த நேரம் நாயோ கீரியோ துரத்தினால் கோழி பயத்தில் முட்டையை அடக்கி வைத்திருக்கும். நிறத்துக்கு மேலே இன்னொரு சுண்ணாம்புப் படை ஏறி, மாப் பூசியது போல வெளிறி வரும். ஒரு நாள் மட்டும் வெளிறினால் அது பயம்.

பல கோழிகளின் முட்டை ஒன்றாக வெளிறி, ஓடு சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் தொற்று மூச்சுக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்கலாம். ஓடில்லாத தோல் முட்டையும் சேர்ந்து வந்தால் வேறு வைரசும் இருக்கலாம், மிருக வைத்தியரிடம் போங்கள். இரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கும் நிகார்பசின் மருந்து தீனியில் கலந்துவிட்டாலும் ஓரிரு நாளில் நிறம் போய்விடும். கோழி முதிர, முட்டை பெருக்க, அதே நிறமி அகலமாகப் பரவி நிறம் மங்குவது சாதாரணம்.

முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவு கல்சியம் வேண்டும். ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் போகிறது. சிப்பியை மாவாக இடிக்காமல் அரிசிக் குறுணல் பருமனுக்குச் சற்று மேலாக உடைத்து வையுங்கள். ஓடு கட்டும் இராநேரம் முழுதும் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும்.

இந்தக் கணக்கு கோழியில் சரிவருவதற்குக் காரணம், அதே கோழியின் நேற்றைய முட்டை நம்மிடம் இருப்பது. காட்டுப் பறவையில் அந்த நேற்றைய முட்டை இல்லை. அடைக்கலக்குருவியின் கடைசி முட்டை பெரும்பாலும் முந்தியவற்றிலிருந்து வேறுபட்டே தெரியும். ஒரு கூட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆர்வமுள்ளவர்கள் குஞ்சு பொரித்து விழுந்த ஓட்டைப் பாருங்கள். பொரித்ததென்றால் தொப்பி போல ஓரளவு ஒழுங்காக வெட்டுப்பட்டு, உள்சவ்வு காய்ந்து பிரிந்திருக்கும். நசுங்கி மஞ்சட்கரு ஒட்டியிருந்தால் காகம் போல ஏதோ தின்றது. மைனா ஓட்டை வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளேயும் நீலம் தெரியும், கோழி ஓடு போல மேற்பூச்சு அல்ல. தாய்ப்பறவை ஓட்டைத் தூரக் கொண்டுபோய்ப் போடும், அதனால் மேலே கூடு இருக்குமென்று மரம் ஏற வேண்டாம். படம் எடுப்பதானால் நிழலில், பிளாஷ் இல்லாமல். பக்கத்தில் வெள்ளைக் காகிதம் வைக்காதீர்கள், அதிலுள்ள வெளுப்பூட்டி நீலத்தைக் கூட்டிக் காட்டும். குழாய் வேலைக்குப் பாவிக்கிற டெப்லோன் டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றி அருகே வைத்தால் நல்ல வெள்ளை அளவுகோல். அப்படியும் கைபேசி பார்ப்பது நம் கண்ணின் நிறத்தைத்தான். பறவைக்குப் புறஊதாவும் தெரியும்.

முட்டையோடு இருக்கிற கூட்டில் கை வைப்பது பெரும்பாலான பறவைகளில் சட்டப்படியும் குற்றம், இலங்கையின் 1937ஆம் ஆண்டு விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி. சிறுபோகக் காலத்தில் வற்றிய குளத்து வெளியில் நடக்கும்போது ஆட்காட்டி தலைக்கு மேல் கத்தத் தொடங்கினால் நில்லுங்கள். நான்கு முட்டை, கூர்முனை உள்ளே பார்த்தபடி, காலடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். அந்தக் கறுப்புத் திட்டுகள் நம் கண்ணுக்குத் தப்புவதற்கு. நண்பகல் வெயிலில் தாய் எழும்பி நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் கரு வேகும். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி நடங்கள்.