நிறம் போனால் நஞ்சு போய்விட்டதா?

"டைட்டேனியம் டயொக்சைட் தூளைப் போட்டு வெயிலில் வையுங்கோ, சாயத்தண்ணி குடிதண்ணியாகிவிடும்" என்று மேலே எழுதிய அண்ணாவுக்கு: நிறம் போகும், உண்மைதான். குடிக்கலாம் என்பதுதான் பிழை.

துணிச் சாயங்களில் ஒரு பெரிய வகையான அசோ சாயத்துக்கு நிறம் தருவது இரண்டு நைதரசன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு. அது அறுந்தவுடன் தண்ணீர் தெளிந்துவிடும். மிச்சத் துண்டுகள் உள்ளேயே கிடக்கலாம். அவற்றில் சில அரோமற்றிக் அமீன்கள் (பென்சீன் வளையத்தோடு நைதரசன் சேர்ந்த சேர்வைகள்), சிலவேளை மூலச் சாயத்தைவிட மோசமானவை. எல்லாம் காபனீரொட்சைட்டு வரை உடைந்ததா என்பதை மொத்தச் சேதனக் காபனை (தண்ணீரில் மிஞ்சிய சேதனப் பொருட்களில் உள்ள காபனை) அளந்துதான் சொல்லலாம், கண்ணால் பார்த்தல்ல.

வெயில் விசயமும் அப்படித்தான். இந்தத் தூள் ஒளியை உறிஞ்சினால்தான் சாயத்தை உடைக்கும். அனடேஸ் என்ற பளிங்கு வகை டைட்டேனியம் டயொக்சைட் தூள் ஏறக்குறைய 387 நனோமீற்றருக்குக் கீழான புற ஊதாவைத்தான் உறிஞ்சும். சூரிய ஒளியில் அது 5 சதவீதமளவே. (வெள்ளவத்தையில் மண்டை பிளக்கிற வெயில் அடித்தாலும் சூடு வேறு, புற ஊதா வேறு.) அடர்ந்த சாயத்தண்ணி அந்தக் கொஞ்ச ஒளியையும் மறித்துவிடும்.

பிறகு அந்த நுண்தூளை எப்படி வடிப்பது? துணியில் நிற்காது. களனி கங்கையில் ஊற்றுகிற யோசனை வேண்டாம், கொழும்புக்கான குடிதண்ணீரை அம்பத்தளையில் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். "குடிக்கலாம்" என்ற வரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கோ அண்ணா.