ஆமாம், இறங்கித்தான் தள்ளினேன்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, ஜொகூரில் இருக்கும் என் அக்கா மகளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இனிமேல் மூடி என்ன ஆகப்போகிறது? பினாங்கில் ஒரு சைக்கிள் குழுவோடு போன அன்று எடுத்த படம். துன் சார்டோன் சாலையில், புக்கிட் கெந்திங் ஏற்றத்தில், நான் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையில் நான் சைக்கிள் ஓட்டியதைக் கேலி செய்து, கீழே "மோசெல் வீராங்கனை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அப்புறம் ஒரு தம்பி கேட்டார்: "5 நாளில் 200 கிலோமீட்டரா? நாங்க அதை ஒரே காலையில முடிச்சிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போயிடுவோமே, அக்கா!"

போங்கள் தம்பி. நன்றாகச் சாப்பிடுங்கள். (ஒரே காலையில் 200 என்றால் பினாங்குத் தீவைக் கிட்டத்தட்ட மூன்று சுற்று. சரி, நம்புகிறேன்.)

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். மெதுவாகப் போவதும் சைக்கிள் ஓட்டுவதுதான். மேட்டில் இறங்கித் தள்ளுவதும் அதில் சேர்த்திதான்.

போன செப்டம்பர் கடைசியில் நானும் என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியையும் ஜெர்மனிக்குப் போய், ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை மோசெல் ஆற்றங்கரையில் வாடகைச் சைக்கிளில் போன கதையை ஏற்கனவே இங்கே எழுதிவிட்டேன். அப்போது எழுதாமல் விட்டது ஒன்று. இந்த இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 100 கிலோமீட்டர்தான் தூரம். ஆறு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வளைந்து போகிறது. அதுவும் கோஹெம் ஊருக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறதே, அப்பப்பா! ரயில்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1879-இலேயே மலையைக் குடைந்து 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள். ரயில் சில நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடும். நாங்கள் ஆற்றோடு ஒட்டி 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றினோம். அந்தச் சுற்றில்தான் பைல்ஷ்டைன் என்ற சின்னஞ்சிறு ஊர் இருக்கிறது. சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. அவசரக்காரர்கள் சுரங்கத்தில் போகட்டும், யார் வேண்டாம் என்றது?

"அங்கே ஆற்றங்கரை சமதரை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். ஆமாம், சமதரைதான். அதனால்தான் போனேன். எனக்கு 57 வயது, வலது முட்டியில் கோளாறு. மலையேற்றப் பந்தயத்துக்குப் போனதாக நான் எங்கே சொன்னேன்? முழுப் பாதையும் அமைதி என்றுகூடச் சொல்லவில்லை. சில இடத்தில் பெரிய சாலையை ஒட்டியேதான் போகிறது, லாரி இரைச்சல் காதைத் துளைக்கிறது. ஆனால் பாதை சாலையை விட்டு விலகித் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்தால், டயர் உருளும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

திராட்சைத் தோட்டம் என்றதும் பந்தல் போட்டுக் கொத்துக் கொத்தாகத் தொங்குவதை நினைக்காதீர்கள். அங்கே அது மலைச்சரிவு. ப்ரெம் என்ற ஊருக்கு மேலே கால்மோன்ட் என்று ஒரு சரிவு உண்டு. சில இடத்தில் 65 பாகை வரை சாய்வு. உலகத்திலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. படி வைத்த பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கே நமக்கு மூச்சு வாங்கும். அங்கே மண் என்று பெரிதாக எதுவும் இல்லை, கறுப்புப் பலகைக்கல் சில்லுகள்தான். பகலில் வெயிலைக் குடித்துவைத்து, ராத்திரியில் கொடிக்குச் சூடு கொடுக்கும் கல். டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்த ஒரு குட்டி வண்டி ஆளையும் கூடையையும் ஏற்றிப் போகும். மற்றதெல்லாம் கைவேலை.

அறுவடை நேரம் அது. சரிவில் குனிந்து நின்றவர்களில் பலர் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பருவ வேலைக்கு வந்தவர்கள் என்று நாங்கள் தங்கிய வீட்டம்மா சொன்னார். மத்தியானம் ஒரு வேனின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தோழி படம் எடுக்கப் போனார், நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஏன் தடுத்தேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

செபராங் பிறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டு, அப்பா சைக்கிளில்தான் தான் பால் வெட்டும் மர நிரைக்குப் போவார். ஹெண்டில்பாரில் வாளி, பின்னால் வாளியைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு. பள்ளி விடுமுறையில் கேரியரில் நானும். பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போகும் வழியில் ஒரு மேடு வரும். அங்கே அப்பா இறங்கித் தள்ளுவார். என்னை இறங்கச் சொல்லமாட்டார், உட்கார வைத்தே தள்ளுவார். மேலே வந்ததும் ஒரு நிமிடம் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்பப் பாரு, காத்து வரும்" என்பார். இறக்கத்தில் வரும். அவருடைய சராசரி வேகம் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. நான் சைக்கிள் கற்றது அந்த மனிதரிடம்தான், கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு பார்ப்பவர்களிடம் இல்லை.

"ஐரோப்பாவுக்குப் போகக் காசு இருக்கிறது, பேச்சு மட்டும் தோட்டத்துப் பேச்சு" என்று அடுத்து வருவீர்கள், தெரியும். 55 வயதில் எடுத்த ஈபிஎஃப் (சேமநிதி) பணம் அது. 30 வருடம் சுண்ணக்கட்டித் தூசியைத் தின்ற காசு. கூரை ஒழுகும்போது போகவில்லை, கூரையை மாற்றிவிட்டுத்தான் போனேன். உங்கள் கார்பன் சைக்கிள் எத்தனை ஆயிரம் வெள்ளி என்று நான் கேட்டேனா?

"கோயில் கோயிலாகப் போகிறவர் ஒயின் நாட்டில் என்ன செய்தார்?" இதற்குப் பதிலே சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். கள்ளுக்கடைக்கு எதிர் லயத்தில் வளர்ந்தவள் நான், குடியைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். அறுவடைக் காலத்தில் ஃபெடர்வைசர் என்று பாதி புளித்த திராட்சைச் சாறு விற்பார்கள். கலங்கலாக இருக்கும். காற்று வெளியேற வேண்டும் என்று மூடியைக்கூட இறுக்கமாட்டார்கள். ஒரு மிடறு குடித்தேன். இனிப்பும் புளிப்பும் நுரையுமாகக் காலையில் இறக்கிய கள்ளு மாதிரியே இருந்தது. போதுமா?

ஒரே ஒரு ஆட்சேபம் நியாயமானது. மலைச்சாலையில் ஒருவருக்காகக் கூட்டமே நின்றால் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் ஆபத்து. ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் முதல் நாளே குழுவில் கேட்டேன், "நான் மெதுவாகத்தான் வருவேன், பரவாயில்லையா?" என்று. "வாங்கக்கா, எல்லாரும் குடும்பம் மாதிரி" என்றார்கள். அந்தப் பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. வளைவில் நிற்க வேண்டாம், சரி. பாலிக் பூலாவ் சந்தைக்குப் போனபிறகு நிற்கலாம் இல்லையா? நான் போய்ச் சேர்ந்தபோது லக்சா சாப்பிட்ட கிண்ணங்கள் மட்டும்தான் மேசையில் இருந்தன.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெர்ன்காஸ்டல் தாண்டி ஓர் இடத்தில் எனக்குச் சங்கிலி கழன்றுவிட்டது. தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, இறுக்கிப் பிடித்த உடை என்று உங்களைப் போலவே பறந்து வந்த ஓர் இளைஞன் பிரேக் போட்டு, "ஆலெஸ் கூட்?" என்றான். எல்லாம் சரிதானே என்று கேட்கிறானாம். கையில் மசி ஒட்டச் சங்கிலியை மாட்டிவிட்டு மறுபடி பறந்துபோனான். வேகமாகப் போகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்தது சைக்கிளில் போனவர் இல்லை. பின்னால் வந்த உதவிக் காரிலிருந்து எடுத்தது, கண்ணாடி விளிம்புகூடப் படத்தின் ஓரத்தில் தெரிகிறது, பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் காரின் பின்னிருக்கையில் இரண்டு பெட்டித் தண்ணீர் பாட்டில். காலையில் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். என் பாட்டில் காலியாகி அரைமணி நேரம் ஆகியிருந்தது. கார் என் பக்கத்தில் வந்து வேகம் குறைந்ததும், தண்ணீர் கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து நான் கையைக்கூட நீட்டினேன். படத்தில் அந்தக் கை இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் "டாட்டா காட்டுறாங்க" என்று சிரித்திருக்கிறீர்கள்.