டீசலா பெட்ரோலா? முதலில் ஃபாஸ்டாக் கணக்கைக் காட்டு

போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் தம்பி கூப்பிட்டான். "அக்கா, பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எடுக்கலாம்னு இருக்கேன். டீசல்தானே?"

அந்தத் "தானே"விலேயே பதிலும் இருந்தது. "ஆமாம்டா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். "எதுக்குடா டீசல்?" என்று கேட்டுத் தொலைத்தேன். பன்னிரண்டு மணி வரை சண்டை. அப்போது சொன்னதும், கோபத்தில் சொல்ல விட்டுப்போனதும் இங்கே.

எங்கள் வீட்டில் டீசலுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்த இடம். அப்பா வாலாஜாவில் லேலண்ட் காமெட் லாரி வைத்திருந்தவர். டேங்க் வற்றி வண்டி நின்றுவிட்டால் திரும்ப டீசல் ஊற்றினாலும் உடனே கிளம்பாது, பைப்பில் காற்று அடைத்திருக்கும். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து அடித்து, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை அப்பா ஏர் லாக் எடுப்பார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். "பெட்ரோல் ஆவியாப் போற சரக்கும்மா. டீசல்தான் நின்னு உழைக்கும்" என்பார். பாலாற்றங்கரைக் கிணறுகளில் கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்பு தண்ணீர் இறைத்ததும் ஆயில் இன்ஜின்தானே. எங்கள் பக்கத்து ஆட்கள் ரத்தத்தில் கொஞ்சம் டீசலும் ஓடுகிறது.

அதற்கு மேல் விலை. 2012 மே மாதம் பெட்ரோல் விலை ஏறியபோது இரண்டுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு டீசல் கார் வாங்கியவர்கள் புத்திசாலிகள், சந்தேகமில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது. இப்போது நான் டீசல் போடும் பங்கில் வித்தியாசம் 8, 9 ரூபாய். ஆனால் நம் மனசு இன்னும் 2012லேயே நிற்கிறது.

தம்பிக்குப் போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். பெட்ரோல் 102, டீசல் 93 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டி ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓடினால் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கும் என்பது என் மதிப்பு. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் செலவு 1,27,500 ரூபாய். டீசல் 85,000க்குக் கொஞ்சம் குறைவு. ஆக வருஷத்துக்கு 43,000 ரூபாய் மிச்சம்.

"பாத்தியா, 43,000!" என்றான்.

டேய், கோடியைத் தொடும் வண்டி அது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு லைஃப் டாக்ஸே 20 சதவீதம். ஆர்டிஓ ஆபீஸில் 20 லட்சம் கட்டிவிட்டு பங்கில் வந்து 43,000 மிச்சம் பிடிக்கிறாயா? அந்த வண்டிக்கு நாலு டயர் மாற்றினால் அது போய்விடும். இந்த விலையில் டீசலை மைலேஜுக்காக வாங்குவது, பட்டுப்புடவை எடுத்துவிட்டுப் பை இலவசம் என்று சந்தோஷப்படுகிற மாதிரி. இதை நான் சொன்னபோது பின்னால் அவன் மனைவி சிரித்தது கேட்டது.

சரி, பணத்தை விடுவோம். இப்போதைய டீசல் வண்டியில் எனக்கு இருக்கும் பிரச்சினை வேறு. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான்கு வருஷமாக டீசல் எஸ்யூவி ஓட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு 4 கிலோமீட்டர். திரும்பி வந்து காய்கறி, மாமியாருக்கு மருந்து. மாமியாருக்கு மாதம் இரண்டு முறை சிஎம்சியில் செக்கப். வண்டியை ஐடா ஸ்கடர் ரோட்டில் நிறுத்த இடம் கிடைக்காது என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் எங்கேயாவது ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மே மாதத்து வேலூர் வெயிலில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எட்டாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிபிஎஃப். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைப்பாதையில் இருக்கும் வடிகட்டி இது. தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள். கரித்தூளை அதில் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்துவிட்டால் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாக டீசலைச் செலுத்தி, அந்த இடத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். ஆனால் அதற்கு வண்டி ஒரே சீரான வேகத்தில் கால் மணி, இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் அது எங்கே நடக்கும்? பாதி எரியும்போதே பள்ளிக்கூடம் வந்துவிடும், நான் சாவியைத் திருப்பிவிடுவேன். எரியாமல் மிஞ்சிய டீசல் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஒரு நாள் டிப் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு டிரைவர், "மேடம், ஆயில் குறையாம ஏறியிருக்கு" என்றார். ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஆயில் நீர்த்துப்போய் இன்ஜினுக்கே ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது.

விற்றபோது இதில் ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. சர்வீஸில் போய்க் கேட்டதற்கு, "மேடம், வாரத்துக்கு ஒரு தடவை ஹைவேல ஓட்டுங்க" என்றார்கள். நாய்க்குட்டியை வாக்கிங் கூட்டிப்போவதுபோல் காரையும் கூட்டிப்போக வேண்டும்.

அதனால் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம் வந்தது. பள்ளிகொண்டா டோலைத் தாண்டி 80ல் ஆம்பூர் வரை போவது, பிரியாணி சாப்பிடுவது, அப்படியே திரும்புவது. போக வர 100 கிலோமீட்டர். வடிகட்டி சுத்தமாயிற்று, எனக்கு மூன்று கிலோ ஏறிற்று.

இதில்லாமல் யூரியா வேறு. பெரிய டீசல் கார்களில் தனியாக ஒரு டேங்க்கில் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க. லாரி டிரைவர்களுக்கு இது பழக்கம், ஹைவே பங்குகளில் வாளி வாளியாக அடுக்கியிருக்கும். அது முழுக்கத் தீர்ந்துபோனால் வண்டி மறுபடி ஸ்டார்ட்டே ஆகாது. "வண்டிக்கு யூரியா வாங்கிட்டு வரேன்" என்று ஒரு நாள் சொன்னபோது அம்மா, "நிலத்தைத்தான் வித்துட்டமே, இன்னாத்துக்கு?" என்று கேட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ஆற மாட்டேனென்கிறது. டிபிஎஃப் தொல்லை என்று யாரிடமாவது சொன்னால் போதும், "கழட்டிடலாம் மேடம், சாஃப்ட்வேர்ல மாத்திட்டா லைட்டே வராது" என்று யோசனை சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். எனக்கே இரண்டு பேர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் பிஎஸ்6 என்று ஆர்சி புக்கில் மட்டும்தான் இருக்கும், பின்னால் வருவது பழைய லாரிப் புகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே வகைப்படுத்திவிட்டது. பாலாற்றைக் கெடுத்தார்கள் என்று தோல் ஷெட்டுக்காரர்களை மேடை போட்டுத் திட்டுகிறோம். சிஎம்சி வாசலில் நோயாளிகள் முகத்தில் நாமே புகை விடலாமா?

டீசலுக்கு நியாயமும் செய்யணும். தம்பி சொல்கிற எக்ஸ்5ல் பெட்ரோல் இன்ஜின் 381 குதிரைசக்தி, டீசல் 286தான். ஆனால் இழுவிசை பெட்ரோலுக்கு 520 நியூட்டன் மீட்டர், டீசலுக்கு 650. வண்டி நிறைய ஆளோ மூட்டை முடிச்சோ, ஏறியதே தெரியாமல் இழுக்கிற சுகம் அந்த 650ல் இருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் வண்டி முக்கியதே இல்லை. ஒரு டேங்க் அடித்தால் பெங்களூர் போய்த் திரும்பி, மறுநாள் சென்னையும் பார்த்துவிடலாம். வாரத்துக்கு மூன்று நாள் ஹைவேயில் இருக்கிறவருக்கு, வருஷத்துக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, அதே கணக்கில் 1,72,000 ரூபாய் மிச்சம். டிபிஎஃப் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் டீசல்தான் வாங்க வேண்டும், என்னிடம் கேட்கவே வேண்டாம்.

பெட்ரோலிலும் குறை இல்லாமல் இல்லை. இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு, அதனால் மைலேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். காலை அழுத்தினால் 6க்குக்கூட வந்துவிடும். ஆனால் சத்தம் கிடையாது, அதிர்வு கிடையாது, 4 கிலோமீட்டர் ஓட்டி அணைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஆடி இந்தியாவில் 2020லேயே டீசலை விட்டாயிற்று. வோல்வோ 2024ல் தன் கடைசி டீசல் காரைச் செய்து முடித்தது.

"ரீசேல் டீசலுக்குத்தான்க்கா" என்றான் கடைசியாக. டெல்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் வரம்பு போட்டது. அந்த விவகாரம் இன்னும் ஓயவில்லை. அங்கே பயந்து விற்கும் பெரிய டீசல் வண்டிகள் புரோக்கர் வழியாகத் தெற்கே வருகின்றன. பாதி விலையில் டெல்லி வண்டி நிற்கும்போது உன் வண்டிக்கு யாருடா முழு விலை கொடுப்பான்?

"நான் ஹைவே ஆளுக்கா. டவுன்ல ஓட்டுற உன் கதை வேற" என்றான். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. "உன் ஃபாஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை அனுப்பு" என்றேன்.

அனுப்பினான். கிழக்கே போனால் வாலாஜா டோல், மேற்கே போனால் பள்ளிகொண்டா. இந்த இரண்டில் ஒன்றைத் தொடாமல் வேலூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ அவன் போக மாட்டான். பன்னிரண்டு மாதத்தில் போய் வந்தது மொத்தம் பதினொரு தடவை. அதில் மூன்று கல்யாணம். பெங்களூர் வேலைக்கெல்லாம் ஐயா காட்பாடியில் வந்தே பாரத் ஏறிவிடுகிறார். ராணிப்பேட்டை தோல் ஷெட்டுக்குத் தினமும் போகிறானே என்று கேட்டேன். "அதுக்குப் பழைய வண்டிக்கா. புது வண்டியை அந்த வாடைக்கு எடுத்துட்டுப் போவேனா?"

ஆக, புது வண்டி காந்திநகர் வீட்டிலிருந்து கிளப்புக்கும், பிள்ளை டியூஷனுக்கும், மாதம் ஒரு தடவை ஸ்ரீபுரத்துக்கும் போகப் போகிறது. "பெட்ரோல் எடுடா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தேன். நேற்று டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவையும் கூட்டிப்போயிருக்கிறான். இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பெட்ரோல் வண்டியில், "ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். டீசலை ஸ்டார்ட் செய்ததும் ஒன்றும் பேசவில்லையாம். கதவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். புக் செய்துவிட்டேன் என்றான். எது என்று நான் கேட்கவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஆம்பூர் போவியே, எத்தனை மணிக்குக் கிளம்புவே?"