மன உறுதியைப் பாராட்டியது போதும்

சென்னையில் வெள்ளம் வந்தால் தண்ணீர் வடியும் முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள்: "எதையும் தாங்கும் சென்னை", "மக்களின் மன உறுதிக்கு ஒரு சல்யூட்". 2015-இல் கேட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதையேதான் கேட்டோம். எரிச்சலாக வருகிறது.

2015-இல் படகோடு வந்து ஆட்களை மீட்ட மீனவர்களை, முன்பின் தெரியாதவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் வயதான அம்மாவைத் தாங்கிக்கொண்டு நடந்தவருக்கு வேறு வழி இருந்ததா? அதற்குப் போய் மன உறுதி என்று பேர் வைத்தால், கேட்க வேண்டிய கேள்விகள் அமுங்கிவிடுகின்றன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு ஏன் சரியான எச்சரிக்கை போய்ச் சேரவில்லை? மழைநீரைத் தாங்க வேண்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குப்பைமேடும் கட்டடங்களும் எப்படி வந்தன? இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையே அரசின் தவறுகளைச் சொன்னது.

வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கடன் வாங்கி வீட்டுத் தரையை உயர்த்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புகழ்ச்சி வேண்டாம். வடிகாலைச் சரிசெய்யுங்கள், ஏரி திறக்கும் முன் சொல்லுங்கள், நிவாரணத்தை அலையவிடாமல் கொடுங்கள்.