கடலில் மூழ்கிய எஞ்சினை வெயிலில் காயப்போடாதீர்கள்

"கடலில் விழுந்த அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் மாட்டுவது) ஸ்டார்ட் ஆகலையா? இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. தண்ணீர் வற்றினாலும் உப்பு உள்ளேயே தங்கும். காற்று பட்டதும் பேரிங்கில் துரு ஏற ஆரம்பித்துவிடும்.

கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் இருந்த துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுத்தால் உப்புநீர் கொட்டும். கயிறு இறுகினால் மல்லுக்கட்டாதீர்கள். ஓடும்போதே மூழ்கியதென்றால் உள்ளே பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். அப்புறம் கார்புரேட்டரில் (எரிபொருளும் காற்றும் கலக்கும் பாகம்) தேங்கியதை வடித்து, பிளக் துளைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, புது எரிபொருளில் அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். நாலு ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலையும் மாற்றுங்கள்.

மெக்கானிக் வர நேரமாகுமா? அதுவரை எஞ்சினை நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுக்க அமிழ்த்தி வையுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் காற்று படாமல் இருக்க அதுதான் வழி.