தாம்பரத்தோடு சரி

சாயங்காலம் ஆறரை மணிக்குச் சென்னை மாம்பலம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். தெற்கே போகிற ஒரு மின்சார ரயில் வரும். பாதிப் பேர் ஏறுவார்கள், மீதிப் பேர் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். உள்ளே நிற்க இடம் இருக்கும், ஆனால் வண்டியின் நெற்றியில் 'தாம்பரம்' என்று எழுதியிருக்கும். வண்டி அதோடு சரி. அசையாதவர்கள் தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் ஆட்கள். பன்னிரண்டு வருடமாகச் சீசன் டிக்கெட்டோடு அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அப்புறம் தாம்பரத்தைத் தாண்டிப் போகிற செங்கல்பட்டு வண்டி வரும். அதில் நாங்கள் மட்டுமா ஏறுகிறோம்? தாம்பரத்துக்கு முன்னாலேயே இறங்கும் பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்களும் ஏறுவார்கள். அவர்களுக்கு எந்த வண்டியானாலும் ஒன்றுதான், முன்னால் வந்ததில் ஏறுகிறார்கள். தப்பே இல்லை. ஆனாலும் கிண்டியில் முண்டியடித்து ஏறி, நாலைந்து ஸ்டேஷன் தள்ளி இறங்குவதற்காக வாசலை மறித்து நிற்பவரை மனசுக்குள் திட்டாத கூடுவாஞ்சேரிக்காரர் கிடையாது. எங்களில் விவரமானவர்கள் பார்க் ஸ்டேஷனில் ஏறி எதிர்ப்பக்கமாக, வண்டி புறப்படும் பீச் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே சீட்டுப் பிடித்து உட்கார்ந்து திரும்புவார்கள். வீடு தெற்கே, பயணம் வடக்கே!

ஏன் தாம்பரம்? 1931 மே மாதம் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றைக்குத் தாம்பரம் பட்டணத்துக்கு வெளியே ஒரு ஊர், அங்கே முடித்ததில் நியாயம் இருந்தது. வண்டிகளுக்கான ஷெட்டும் அங்கேயே அமைந்தது. பிறகு மின்கம்பி விழுப்புரம் வரை போனது. மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் விடைபெற்றன. தாம்பரத்தோடு திரும்புகிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2021-இல் தாம்பரமே மாநகராட்சி ஆகிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் அதையும் தாண்டிக் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகளை அங்கே கொண்டுபோனார்கள்.

சிக்கல் எனக்கும் தெரியும். எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு பாதைகள், அதில் இரண்டு மின்சார ரயிலுக்கே. தாம்பரத்துக்குத் தெற்கே மூன்றுதான். மதுரை, திருநெல்வேலி எக்ஸ்பிரஸ்கள், வந்தே பாரத், சரக்கு வண்டி எல்லாம் அதே மூன்றில்தான் போயாக வேண்டும். நான்காவது பாதை வராமல் முழுசாகத் தீராது, சரி. அதுவரைக்கும் மாலை ஐந்திலிருந்து ஒன்பது மணிக்குள் தாம்பரத்தோடு திரும்புகிற வண்டிகளில் நாலைந்தையாவது கூடுவாஞ்சேரி வரை விடக் கூடாதா? இல்லையென்றால், செங்கல்பட்டு வண்டிகளில் இன்னும் சிலவற்றைத் தாம்பரம் வரை இடையில் பல ஸ்டேஷன்களில் நிற்காமல் ஃபாஸ்டாக விடுங்கள். குரோம்பேட்டை நண்பர்கள் இதற்காக என்னை அன்ஃபிரண்ட் செய்யலாம், செய்யட்டும்.

ஏசி வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2025 ஏப்ரல் 19 முதல் பீச்–செங்கல்பட்டு தடத்தில் ஓடுகிறது. பன்னிரண்டு பெட்டி, தானாக மூடும் கதவு. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், பீச்சிலிருந்து செங்கல்பட்டுக்கு 105. சாதா வண்டியில் பத்து ரூபாய்க்குத் தாம்பரம் வந்துவிடலாம். நானும் அதில் போனேன், சட்டை கசங்காமல் வீட்டுக்கு வந்தேன், நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்பது 2018 ஜூலை 24 நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். அன்று மின்கம்பி பழுதானதால் ஸ்லோ லைனில், அதாவது மின்சார ரயிலுக்கான பாதையில் போக வேண்டிய வண்டியை, எக்ஸ்பிரஸ்கள் போகும் ஃபாஸ்ட் லைனில் திருப்பி விட்டார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த கான்கிரீட் தடுப்பு, படிக்கட்டில் தொங்கி வந்தவர்கள் மேல் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள். எல்லா வண்டிக்கும் கதவு வரட்டும். ஆனால் கதவு மூட வேண்டுமென்றால் உள்ளே நிற்க இடம் வேண்டும், அதற்கு வண்டிகள் அதிகம் வேண்டும். அடுத்த வண்டி எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் ஆள் படியில் கால் வைக்கிறான்.

நேற்று மாம்பலத்தில் இரண்டு தாம்பரம் வண்டியை விட்டேன். மூன்றாவதும் தாம்பரம். பக்கத்தில் நின்ற அம்மா, "ஏறுங்க தம்பி, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். ஏறிவிட்டேன்.